வண்டிக்கு வயதாகிவிட்டதா, நேரம் தப்பிவிட்டதா?

நமது சங்கத்துக் குடும்பங்களில் இன்றும் ஐந்தாறு வீட்டு வாசலில் அம்பாசடர் நிற்கிறது. இரண்டு வீட்டில் பிரீமியர் பத்மினி உண்டு. ஆயுத பூஜையன்று அவற்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்குவதில் யாரும் குறை வைப்பதில்லை. விற்கவும் மனம் வருவதில்லை. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை நாகபுரி ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்தது அந்த வண்டிதான். பிள்ளைகளை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டதும் அதுதான்.

ஆனால் அந்த வீடுகளில் கேட்கும் புலம்பல் ஒரே மாதிரி இருக்கிறது. "பிக்கப் இல்லை சார், சீக்கிரம் சூடாகிறது, பெட்ரோலைக் குடிக்கிறது." அதற்கு ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் தீர்ப்பும் ஒரே மாதிரிதான். "புரானா ஹோ கயா ஸாப், எஞ்சின் கா காம் கர்னா படேகா." அதாவது வயதாகிவிட்டது, எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்.

நம் ஊரில் ஒருவருக்கு எடுத்த காரியம் எதுவும் கைகூடவில்லை என்றால், "அவருக்கு நேரம் சரியில்லை" என்பார்கள். பழைய பெட்ரோல் கார்களில் பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்து வயது குற்றம் இல்லை, நேரம்தான் சரியில்லை. அதைக் கண்டுபிடிக்க ஜாதகம் வேண்டாம். ஒரு ஃபீலர் கேஜும் ஒரு 12 வோல்ட் பல்பும் போதும்.

நான் டிப்ளமா முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்தவன். பெரும்பகுதி இட்டார்சியிலும் மற்ற டீசல் ஷெட்டுகளிலும் கழிந்தது. கார் மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் எஞ்சின் எதுவானாலும், எந்தக் கணத்தில் எது நடக்க வேண்டும் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அந்த அளவில் ரயில் எஞ்சினும் அம்பாசடரும் ஒரே குடும்பம்தான். நம் சங்க அன்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

பொறி எப்போது பறக்க வேண்டும்?

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நெருக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கில் பொறி பறந்ததும் அது எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இது எட்டாம் வகுப்புப் பாடம். பாடத்தில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வந்தபிறகு பொறி பறந்தால் அது தாமதம். உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரிகள் முன்பே பறந்தாக வேண்டும்.

காரணம், கலவை வெடிமருந்து போல ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. பிளக்கில் தொடங்கி ஓரம் வரை தீ பரவ ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரம் ஆகிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 10 முதல் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் தள்ளுவது முழுவதும் பலிக்கும். ஊஞ்சலை ஆட்டுகிறவர்களுக்கு இது புரியும். ஊஞ்சல் நம்மிடம் வந்து திரும்பும் நேரத்தில் தள்ளினால் விரல் நுனி போதும். எதிரே வரும்போது தள்ளினால் கை வலிக்கும். போன பிறகு தள்ளினால் காற்றைத்தான் தள்ளுவோம்.

நீராவி எஞ்சினிலும் இதே சூட்சுமம் இருந்தது. பிஸ்டன் கோடிக்கு வந்து சேர்வதற்குச் சற்று முன்பே வால்வு திறந்து நீராவியை உள்ளே விடும்படி அமைத்திருப்பார்கள். அதற்கு 'லீடு' என்று பெயர். டீசல் எஞ்சினில் எண்ணெய் பீய்ச்சும் நேரமும் உச்சிக்கு முன்பே டிகிரி கணக்கில்தான் வைக்கப்படுகிறது. பெட்ரோல் காரில் அதுவே 'இக்னிஷன் டைமிங்'. முன்னால் நகர்த்துவது அட்வான்ஸ், பின்னால் தள்ளுவது ரிடார்ட்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் 75 பங்கு. தீ பரவ ஆயிரத்தில் 2 பங்கு ஆகிறது என்றால் அதற்குள் கிராங்க் நகர்வது 10 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. அதே எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் அதே நேரத்தில் 36 டிகிரி நகர்ந்துவிடும். ஆகவே வேகம் கூடக் கூடப் பொறியும் முந்த வேண்டும். இதற்காகவே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறிய எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. வேகத்தில் எடைகள் விரிந்து பொறியை முந்தச் செய்கின்றன. பக்கத்தில் சின்னத் தட்டுப்போல ஒட்டிக்கொண்டிருக்கும் வாக்குவம் டப்பி, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துச் சமவெளியில் போகும்போது மேலும் சில டிகிரி முந்த வைத்து மைலேஜைக் காக்கிறது. நாம் கையால் சரிசெய்வது இவற்றுக்கெல்லாம் அடித்தளமான ஆரம்ப நிலையைத்தான். ஆரம்பம் பிசகினால் எல்லா வேகத்திலும் பிசகும்.

பிந்தினாலும் கேடு, முந்தினாலும் கேடு

நேரம் பிந்திய வண்டியின் அடையாளங்கள்: ஆக்சிலேட்டரை மிதித்தால் யோசித்துவிட்டுக் கிளம்பும். மேம்பாலத்தில் கியர் இறக்க வேண்டியிருக்கும். தீ முழுவதும் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுவதால், சூடு பிஸ்டனைத் தள்ளாமல் சைலன்சர் வழியாக வெளியே போகும். ரேடியேட்டர் கொதிக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். வண்டிக்காரர் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பார். பெட்ரோல் இன்னும் போகும்.

நேரம் முந்திய வண்டி வேறு மாதிரி ஏமாற்றும். முதலில் சுறுசுறுப்பாக இருப்பது போலத் தோன்றும். பிறகு ஏற்றத்தில் மிதித்தவுடன், டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் வரும். தீ பரவி வருவதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்ளும் சத்தம் அது. மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். பாதி வழியில் இருக்கும் பிஸ்டனைத் திருப்பித் தள்ளுவதால், ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைக்கும். அதனால்தான் பழைய டிரைவர்கள் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்வார்கள். விரலைச் சுற்றிப் பிடித்தவர்களின் கட்டைவிரல் முறிந்த கதைகள் ஷெட்டில் எத்தனையோ கேட்டிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மூத்த மகன் "பிக்கப் வேண்டும்" என்று மெக்கானிக்கிடம் சொல்லி டைமிங்கை நன்றாக முந்த வைத்துக்கொண்டு, மே மாதத்தில் ஐந்து பேரோடும் சாமான்களோடும் பச்மரி மலை ஏறினார். நாகபுரி மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் வந்தது, பாட்டுச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. பாதி மலையில் வண்டி நின்றது. பிரித்துப் பார்த்தபோது மூன்றாவது பிஸ்டனின் தலை, தோசைக்கல்லில் கருகிய ஓரம் போல் உருகிப் போயிருந்தது. பிக்கப் என்ற பெயரில் இரண்டு மூன்று டிகிரி அதிகம் கேட்டதன் விலை அது.

ஆகவே அட்வான்ஸ் என்றால் சக்தி என்று எண்ண வேண்டாம். சரியான இடம் ஒன்றுதான். அதற்கு இப்பாலும் அப்பாலும் நஷ்டமே.

அண்ணியின் அம்பாசடர்

போன மழைக்காலம் முடிந்த சமயம், ரயில்வேயில் எனக்கு மூத்தவராயிருந்து, நான் அண்ணன் என்றே அழைத்துவந்த ஒருவரின் மனைவி எனக்கு ஃபோன் செய்தார். அண்ணன் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் 1987-ல் வாங்கிய அம்பாசடர் மார்க் 4 வாசலில் நின்றது. பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தனியார் கார்களுக்கு முதல் 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

"தம்பி, ஒர்க்‌ஷாப்பில் எஞ்சின் முழுவதும் பிரிக்கணும், அறுபதாயிரம் ஆகும் என்கிறான். புனேயில் இருக்கிற பையன், அதுக்குப் பழைய இரும்புக்குப் போடலாம் என்கிறான். உங்க அண்ணன் இருந்தா என்ன சொல்வார்னு தெரியலை. நீங்க வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. போடணும்னா போட்டுடறேன்."

"அண்ணி, பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். அதுவரை யாரிடமும் சாவியைக் கொடுக்காதீர்கள்" என்றேன்.

முதலில் செய்தது கம்ப்ரஷன் பார்த்தது. எஞ்சின் தேய்ந்துவிட்டதா என்பதை ஊகத்தால் சொல்லக் கூடாது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து வைத்து, ஒவ்வொரு துளையிலும் கேஜை அழுத்தி ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்த்தோம். நான்கும் 115-லிருந்து 125 பவுண்டுக்குள் இருந்தன. நான்கும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் பிஸ்டன், ரிங், வால்வு பற்றிப் பெரிய கவலை வேண்டாம். அந்த எஞ்சினைப் பிரிக்க எந்தக் காரணமும் இல்லை.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். காரணம் கண்ணில் பட்டது. சி.பி. பாயிண்ட் என்கிற காண்டாக்ட் பாயிண்டுகளின் இடைவெளி ஆயிரத்தில் 15 அங்குலம் இருக்க வேண்டும். அதில் 8-கூட நுழையவில்லை. பாயிண்டின் குதிகால் போன்ற பகுதி, சுழலும் கேம்மின் மேல் உராய்ந்துகொண்டே இருக்கும். கேம்மில் துளி கிரீஸ் இல்லாததால் அது தேய்ந்துவிட்டிருந்தது. குதிகால் தேய்ந்தால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் பிந்தித் திறக்கும். பாயிண்ட் திறக்கும் கணத்தில்தான் பொறி பறக்கிறது. ஆக, யாரும் தொடாமலேயே மாதா மாதம் அந்த வண்டியின் நேரம் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இதோடு வாக்குவம் டப்பிக்குப் போகும் ரப்பர் இணைப்பும் வெடித்திருந்தது.

புதிய பாயிண்ட் செட், கண்டென்சர், ஒரு விரல் நீள ரப்பர் குழாய். செலவு ஆயிரம் ரூபாயை எட்டவில்லை. கீழே சொல்லும் வரிசையில் செய்து முடிக்க ஒரு முற்பகல் ஆனது. அன்று மாலை பக்கத்து வீட்டுப் பையன் ஓட்ட, அண்ணி பின்னால் உட்கார்ந்து தேலங்கேடி அனுமார் கோயிலுக்குப் போய் வந்தார். லிட்டருக்கு 7 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, அடுத்த இரண்டு முறை நிரப்பியபோது 10-ஐ ஒட்டிக் கொடுத்தது. ஆர்.டி.ஓ. சோதனையும் முடிந்து பதிவு புதுப்பிக்கப்பட்டது. வண்டியை வைத்துக்கொள்வதா விற்பதா என்பது அந்தக் குடும்பத்தின் விஷயம். ஆனால் அந்த முடிவைப் பொய்யான காரணத்தை நம்பி எடுக்கக் கூடாது அல்லவா?

வரிசை முக்கியம்

சமையலில் தாளிப்பு எப்போது என்பதற்கு ஒரு வரிசை இருப்பது போல இதற்கும் உண்டு. டைமிங் கடைசிக்கு முந்தியது.

முதலில் டேப்பட் இடைவெளி. அடுத்து பிளக். சுத்தம் செய்து இடைவெளியை ஆயிரத்தில் 25 அங்குலம், அதாவது 0.6 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் வையுங்கள். மூன்றாவது காண்டாக்ட் பாயிண்ட். அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சினுக்கு ஆயிரத்தில் 14 முதல் 16 அங்குலம், அதாவது 0.36 முதல் 0.41 மி.மீ. இதை ஹாக்ஸா பிளேடு வைத்துப் பார்க்கும் பழக்கம் நம் தெருவோர மெக்கானிக்குகளிடம் உண்டு. பிளேடு இதற்குத் தடிமன். ஃபீலர் கேஜ்தான் வேண்டும். பாயிண்டில் ஒரு பக்கம் குழியும் மறு பக்கம் மேடுமாக இருந்தால் கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள். கேம்மில் அரிசி அளவு கிரீஸ் தடவுங்கள். அதிகமானால் தெறித்துப் பாயிண்டில் படும்.

நான்காவது, டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்நலம். ரோட்டரை விரலால் அது சுற்றும் திசையில் திருகி விட்டால் ஸ்பிரிங்கில் தானே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே எடைகள் துருப்பிடித்திருக்கின்றன. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு நேரத்தில் பொறி வரும். எத்தனை முறை டைமிங் வைத்தாலும் நிற்காது. வாக்குவம் குழாயின் கார்புரேட்டர் முனையைக் கழற்றி, துடைத்துவிட்டு வாயால் உறிஞ்சினால் உள்ளே இருக்கும் தட்டு நகர வேண்டும். நாக்கால் குழாயை மூடினால் நகர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது.

இத்தனையும் சரியான பிறகுதான் டைமிங். பாயிண்ட் இடைவெளியை மாற்றினாலே டைமிங் மாறிவிடும் என்பதால், டைமிங் வைத்துவிட்டுப் பாயிண்டைத் தொடுவது தலையில் எண்ணெய் வைப்பதற்கு முன் சீவுவது போலத்தான். டைமிங்குக்குப் பின் கடைசியாகக் கார்புரேட்டர்.

பல்பு வைத்துப் பார்க்கும் முறை

கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போடுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் ஹேண்டிலால் எஞ்சினைச் சுற்றுவது சுலபம். முதல் சிலிண்டர் என்பது ரேடியேட்டர் பக்கம் இருப்பது. அதன் பிளக் துளையில் ஒருவர் விரலை வைத்திருக்க, ஹேண்டிலை மெல்லச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே வருகிறது என்று பொருள். வால்வு மூடி திறந்திருந்தால் இன்னொரு வழி: நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடி ஒன்று திறக்கத் தொடங்கி ஊசலாடும் இடத்தில், முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் உச்சியை ஒட்டி இருக்கும்.

கிராங்க் புல்லியின் விளிம்பில் சிறு வெட்டு ஒன்று உண்டு. டைமிங் கவரில் அதற்கான முட்கள் இருக்கும். பல வருட எண்ணெய் அழுக்கில் இரண்டும் மறைந்திருக்கும். மண்ணெண்ணெயில் துடைத்து, வெட்டில் சுண்ணாம்பு அல்லது வெள்ளை பெயின்ட் தடவிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் டிகிரிக்கு நேராக வெட்டைக் கொண்டு வாருங்கள். தாண்டிவிட்டால் பின்னுக்கு இழுத்து நிறுத்தாதீர்கள். நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள்; அப்போதுதான் டைமிங் செயினின் தளர்ச்சி கணக்கைக் கெடுக்காது.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டரின் மெல்லிய ஒயர் சேரும் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே 12 வோல்ட் சின்ன பல்பு ஒன்றை இணைத்து இக்னிஷன் சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது. திறந்தால் எரியும். அந்த எரியும் கணம்தான் பொறி பறக்கும் கணம். டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்துப் போல்ட்டைத் தளர்த்தி அதன் உடம்பை, ரோட்டர் சுற்றும் திசையில், பல்பு அணையும் வரை திருப்புங்கள். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி போல்ட்டை முடுக்குங்கள். ரோட்டர் சுற்றும் திசையில் உடம்பைத் திருப்பினால் ரிடார்ட், எதிர்த்துத் திருப்பினால் அட்வான்ஸ். அம்பாசடரின் இந்த எஞ்சினில் மேலிருந்து பார்த்தால் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். வேறு வண்டியானால் ஹேண்டிலைச் சுற்றி, ரோட்டர் போகும் திசையைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். முடுக்கிய பின் ஹேண்டிலை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, பல்பு அதே இடத்தில் எரிகிறதா என்று சரிபாருங்கள். சாவியைப் போட்டபடி விட்டுவிட்டுக் காபி சாப்பிடப் போகாதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சூடாகிக் கெடும்.

பிளக் ஒயர்களைக் கழற்றும் முன் எண் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பொறி வரிசை ஒன்றே: 1-3-4-2.

டைமிங் லைட் வைத்திருப்பவர்கள் ஓடும் எஞ்சினில் பார்க்கலாம். வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கையேட்டில் சொன்ன மெதுவான வேகத்தில் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை. அந்த விளக்கின் வெளிச்சத்தில் சுழலும் ஃபேன் நின்றுவிட்டது போலத் தோன்றும். கை, துண்டு, வேட்டி நுனி எதுவும் அருகே போகக் கூடாது.

ரோடுதான் கடைசிப் பரீட்சை

எஞ்சின் நன்றாகச் சூடான பின், காலியான சமமான ரோட்டில் டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலேட்டரை முழுவதும் மிதியுங்கள். ஒரு நொடி லேசாகக் கிணுகிணுத்து உடனே மறைந்தால் டைமிங் கச்சிதம். சத்தம் நீடித்தால் ரிடார்ட் செய்யுங்கள். சத்தமே இல்லாமல் வண்டி மந்தமாகவும் இருந்தால் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுக்கலாம். லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர்களில் இதற்கென்றே பக்கத்தில் பல்வெட்டு நட்டு ஒன்று உண்டு. அட்வான்ஸ், ரிடார்ட் இரண்டுக்கும் அம்புக்குறி இருக்கும். கிளிக் கிளிக் என்று நகரும். பத்துக் கிளிக்குக்கு மேல் ஒரு தடவையில் வேண்டாம். நகர்த்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி நகர்த்துங்கள். இந்த மாதிரி மின்சாமான்கள் நம் சென்னைப் பாடியில் 1960-களிலிருந்து லூகாஸ் டி.வி.எஸ். ஆலையில் தயாராகி வந்தவை என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சின்னப் பெருமை உண்டு.

நாகபுரி வெயிலையும் குடும்பத்தோடு மலை ஏறுவதையும் எண்ணிப் பார்த்தால், கோடைக்கு முன் ஒரு டிகிரி குறைவாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கடைசியாக, ஐடிலிங் ஸ்க்ரூவையும் கலவை ஸ்க்ரூவையும் சரிசெய்யுங்கள். நேரம் சரியானால் எஞ்சின் தானாகவே வேகமாகச் சுற்றும். புகைச் சோதனையில் 2000-க்கு முந்திய கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1,500 பங்குக்குள்ளும் இருக்க வேண்டும். முதலாவது கலவையைப் பொறுத்தது. இரண்டாவது பெரும்பாலும் பொறி தவறுவதால் கூடும்.

இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ப

பழைய கையேட்டில் உள்ள டிகிரி அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கானது. அப்போது பங்குகளில் கிடைத்த சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன், இன்றைய குறைந்தபட்ச அளவைவிடக் குறைவு. ஆக்டேன் என்பது தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்கும் குணம். எத்தனால் சேர்ப்பதால் அது இன்னும் கூடுகிறது. ஆகவே கார்பன் படியாத, நல்ல எஞ்சின் கையேட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி அதிகம் தாங்கக்கூடும். அதைத் தீர்மானிப்பது ரோட்டுப் பரீட்சைதான், ஆசை அல்ல.

ஆனால் எத்தனாலுக்கு மறுபக்கமும் உண்டு. அதில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகலாம். பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்ப்பின் சவ்வும் ஊறிக் கெடும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். ஈரத்தை இழுக்கும் குணம் இருப்பதால், மாதக்கணக்கில் பெட்ரோலை டாங்கில் தேங்க விடாதீர்கள்.

இன்னொன்று. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். பழைய எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வின் ஆசனத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயம். அந்தக் காவல் போனபின், நேரம் பிந்தி வால்வைச் சுடவைப்பது இரட்டிப்புக் கேடு. எக்ஸாஸ்ட் டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் ஆசனம் தேய்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

சில வார்த்தைகள்

டீசல் அம்பாசடருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அதில் பொறியே கிடையாது. 1992-லிருந்து வந்த 1800 இசுசு எஞ்சினுக்கும், பத்மினிக்கும் அளவுகள் வேறு. அவற்றின் கையேட்டைப் பாருங்கள். கம்ப்யூட்டர் வைத்த புதிய கார்களில் நேரத்தை ஒவ்வொரு கணமும் அதுவே பார்த்துக்கொள்கிறது. அதில் கை வைக்க வேண்டாம்.

பத்மினி உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. உத்தர்பாராவில் அம்பாசடர் நின்றது 2014-ல். இவற்றின் டைமிங்கைப் பல்பு வைத்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் குறைந்து வருகிறார்கள். இன்றைய இளைஞர் ஸ்கேனரைச் செருகி கோளாறு என்னவென்று படிக்கக் கற்றவர். இந்த வண்டியில் ஸ்கேனரைச் செருக இடமே இல்லை. அதனால்தான் 'எஞ்சின் வேலை' என்ற தீர்ப்பு இவ்வளவு சுலபமாக வருகிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது நீங்களே கேளுங்கள்: கம்ப்ரஷன் எவ்வளவு? பாயிண்ட் இடைவெளி எவ்வளவு? டைமிங் எத்தனை டிகிரியில் இருக்கிறது? மூன்றுக்கும் எண்ணாகப் பதில் வராத வரை எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

ஃபீலர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், டைமிங் லைட் மூன்றும் என்னிடம் உள்ளன. அன்பர்கள் யாருக்கேனும் தேவைப்பட்டால் சங்கத்தின் மாதக் கூட்டத்தன்று சொல்லுங்கள், கொண்டு வருகிறேன். வண்டியையும் கொண்டு வந்தால், வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பல்பு எரியும் இடத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் அவர்களும் மறக்க மாட்டார்கள்.